மறுக்கத் தெரிந்த பல்கலைக்கழகமும் எல்லோருக்கும் வாங்கிய நாடும்

2019 பிப்ரவரி 28 அன்று கலிபோர்னியா பல்கலைக்கழகம் எல்சவியர் பதிப்பகத்தின் ஆய்விதழ்களுக்கான சந்தாவைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று அறிவித்தது. 2024 நவம்பர் 25 அன்று இந்திய மத்திய அமைச்சரவை, அதே எல்சவியர் உட்பட 30 பதிப்பகங்களின் ஆய்விதழ்களை நாட்டின் அரசு உயர்கல்வி நிறுவனங்கள் அனைத்துக்கும் ஒரே சந்தாவில் வாங்க ஒப்புதல் தந்தது. முன்னது வேண்டாம் என்ற முடிவு, பின்னது எல்லாமே வேண்டும் என்ற முடிவு. மின்வளங்களை மதிப்பிடும் அளவுகோல்களை நூலக அறிவியல் பாடநூல்கள் வரிசையாகச் சொல்லித் தருகின்றன. ஆனால் அந்த அளவுகோல்களை யார் கையில் எடுக்கிறார்கள், எடுத்தால் என்ன நடக்கிறது என்பதை இந்த இரண்டு முடிவுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் விளங்கிக்கொள்ள முடியும்.

அச்சிதழ்க் காலத்தில் நூலகர் ஒவ்வொரு இதழையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்தார். துறைத் தலைவர்களுக்குப் பட்டியல் போகும். அவர்கள் குறித்துத் தருவார்கள். பணம் போதாவிட்டால் எதை நிறுத்துவது என்று நூலகக் குழு கூடிப் பேசும். 1990களின் பிற்பகுதியில் இதழ்கள் இணையத்துக்கு வந்தபோது பதிப்பகங்கள் வேறொரு பேரத்தைக் கொண்டுவந்தன. இப்போது கட்டும் தொகைக்கு மேல் கொஞ்சம் சேர்த்துக் கட்டினால் எங்கள் இதழ்கள் அத்தனையும் கிடைக்கும், ஆனால் பல ஆண்டுகளுக்குச் சேர்த்து ஒப்பந்தம் போட வேண்டும், ஆண்டுதோறும் விலை ஏறும், நடுவில் தனி இதழை நிறுத்த முடியாது. இதுதான் பேரத்தின் சாரம். 2001இல் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழக நூலக இயக்குநர் கென்னத் ஃபிரேசியர் இதை ‘பிக் டீல்’ என்று குறிப்பிட்டு, இதில் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சக நூலகர்களை எச்சரித்தார். தொகுப்பை வடிவமைக்கும் உரிமை நூலகத்தின் கையைவிட்டுப் போய்விடும் என்பது அவர் வாதம். பெரும்பாலான நூலகங்கள் கையெழுத்துப் போட்டன. வாசகருக்கு ஒரே நாளில் நூற்றுக்கணக்கான இதழ்கள் கூடுதலாகக் கிடைக்கும்போது வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது.

கலிபோர்னியாவும் கையெழுத்துப் போட்ட இடம்தான். பத்து வளாகங்கள் கொண்ட பல்கலைக்கழகம் அது. எல்லா வளாகங்களுக்கும் சேர்த்து மின்வளங்களை வாங்க 1997இல் கலிபோர்னியா டிஜிட்டல் லைப்ரரி என்ற அமைப்பை உருவாக்கியது. 2018 டிசம்பர் 31இல் முடிந்த ஐந்தாண்டு ஒப்பந்தத்தின்படி எல்சவியருக்கு மட்டும் ஆண்டுக்குச் சுமார் 1.1 கோடி டாலர் போய்க்கொண்டிருந்தது. அதை நிறுத்தும் துணிவு திடீரென்று வந்ததல்ல. 2010இல் நேச்சர் பதிப்பகக் குழுமம் தன் 67 இதழ்களுக்கு விலையை 400 விழுக்காடு உயர்த்தப் பார்த்தபோது, அந்த இதழ்களுக்குக் கட்டுரை அனுப்பவும் மற்றவர் கட்டுரைகளை மதிப்பிட்டுத் தரவும் மறுக்கலாம் என்று பேராசிரியர்களுக்கு வெளிப்படையாகவே கடிதம் எழுதியது இந்தப் பல்கலைக்கழகம். சில மாதங்களில் பதிப்பகம் பேச வந்தது. 2013இல் பேராசிரியர் பேரவை, தங்கள் கட்டுரைகளின் படி ஒன்றைப் பல்கலைக்கழகத்தின் திறந்த களஞ்சியத்தில் வைக்கும் கொள்கையை ஏற்றது.

இந்த வெளிப்படையான போராட்டங்களைவிட, வெளியே தெரியாமல் நடந்த ஒரு வேலைதான் முக்கியம் என்று நினைக்கிறேன். டிஜிட்டல் லைப்ரரி ஊழியர்கள் ஆயிரக்கணக்கான இதழ்களை ஒவ்வொன்றாக மதிப்பிட்டு வைத்திருந்தார்கள். மூன்று கோணங்களில் பார்த்தார்கள். முதலாவது பயன்பாடு: எத்தனை முறை திறந்து படிக்கப்பட்டது, தங்கள் ஆய்வாளர்கள் அதை எவ்வளவு மேற்கோள் காட்டினார்கள். இரண்டாவது அந்தத் துறையில் இதழின் தரம். மூன்றாவது, ஒரு முறை படிக்க ஆகும் செலவு. இந்த மதிப்பெண்களைத் துறைக்குள்ளேதான் ஒப்பிட்டார்கள், மருத்துவ இதழை மருத்துவ இதழோடு, வரலாற்று இதழை வரலாற்று இதழோடு. இந்த ஒரு கட்டுப்பாடு இல்லையென்றால் முழுக் கணக்கும் பிழையாகிவிடும். மருத்துவக் கட்டுரை வெளியான மறு ஆண்டே நூறு பேரால் மேற்கோள் காட்டப்படும். வரலாற்றுக் கட்டுரை இருபது ஆண்டு கழித்தும் படிக்கப்படும், ஆனால் ஒவ்வோர் ஆண்டும் சிலரே படிப்பார்கள். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தினால் மனிதவியல் துறைகள் முழுவதும் பட்டியலிலிருந்து வெளியே போய்விடும்.

பயன்பாட்டை எண்ணுவதிலும் நுட்பம் இருக்கிறது. பதிப்பகங்கள் தரும் பயன்பாட்டு எண்களை ஒரே முறையில் கணக்கிட 2002இல் ‘கவுன்டர்’ என்ற பொதுவிதி முயற்சி தொடங்கியது. ஒரு மாணவர் ஒரு கட்டுரையை முதலில் இணையப் பக்கமாகத் திறக்கிறார், பிறகு அதையே பி.டி.எஃப். ஆகப் பதிவிறக்குகிறார். பழைய கணக்கில் இது இரண்டு. ஆகவே கட்டுரையை எப்போதும் இணையப் பக்கமாகத் திறந்து காட்டும் தளத்துக்குப் பயன்பாடு பெருகியதுபோலத் தோன்றும். 2019இல் நடைமுறைக்கு வந்த கவுன்டர் விதியின் ஐந்தாம் பதிப்பு, ஒருவர் ஓர் அமர்வில் ஒரே கட்டுரையை எத்தனை வடிவத்தில் எடுத்தாலும் ஒன்று என்று எண்ணும் தனி அளவைக் கொண்டுவந்தது. விலைப் பேச்சுக்கு உட்காரும் நூலகர் எந்த எண்ணைக் கையில் வைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்து, ஒரு முறை படிக்கும் செலவு பாதியாகவும் தெரியும், இரு மடங்காகவும் தெரியும். அதே அறிக்கையில் இன்னொரு வரி உண்டு. உரிமம் இல்லாததால் திருப்பி அனுப்பப்பட்ட முயற்சிகள் எத்தனை என்று அது சொல்லும். வாங்கியதில் எது பயன்படுகிறது என்பதை முதல் எண் காட்டும், வாங்காததில் எதைத் தேடி வாசகர் ஏமாந்தார் என்பதை இந்த எண் காட்டும். புதிதாகத் தேர்ந்தெடுக்க இதைவிட நல்ல சான்று நூலகருக்குக் கிடைப்பது அரிது.

கலிபோர்னியாவுக்குக் கைகொடுத்த இன்னொன்று பழைய ஒப்பந்தங்களில் இருந்த ஓர் உட்பிரிவு. சந்தா நின்றாலும், பணம் கட்டிய ஆண்டுகளின் கட்டுரைகளைத் தொடர்ந்து படிக்கலாம் என்ற நிரந்தர உரிமை அது. 2019 ஜூலையில் எல்சவியர் கதவை அடைத்தபோது 2018 வரை வந்த கட்டுரைகளில் பெரும்பகுதி அப்படியே திறந்திருந்தது. புதிய கட்டுரைகளை வேறு நூலகங்களிடம் கேட்டுப் பெற்றார்கள், ஆசிரியர்கள் இலவசமாக வைத்திருந்த படிகளைத் தேடி எடுத்தார்கள். எல்லோருக்கும் இது எளிதாக இருந்தது என்று சொல்ல முடியாது. குறிப்பாக மருத்துவ வளாகங்களில் இடைஞ்சல் இருந்தது. ஆனாலும் அந்த ஆகஸ்டில் 30க்கும் மேற்பட்ட பேராசிரியர்கள், எல்சவியருக்குச் சொந்தமான செல் பிரஸ் இதழ்களின் ஆசிரியர் குழுப் பணியை நிறுத்திவைத்து நூலகத்தின் பக்கம் நின்றார்கள்.

2021 மார்ச்சில் புதிய ஒப்பந்தம் வந்தது. நான்காண்டுகளுக்கு எல்சவியர் இதழ்களைப் படிக்கலாம். அதோடு, கலிபோர்னியப் பேராசிரியர் முதன்மை ஆசிரியராக எழுதும் கட்டுரைகள் உலகில் யாரும் படிக்கும்படி திறந்தே வெளியாகும். வெளியீட்டுக் கட்டணத்தில் முதல் 1,000 டாலரை நூலகம் கட்டும். ஆய்வு நிதி இல்லாத ஆசிரியருக்கு முழுத் தொகையையும் நூலகமே ஏற்கும். ஆக, கலிபோர்னியாவும் மொத்த ஒப்பந்தத்துக்கே திரும்பி வந்தது. திரும்பி வந்தபோது நிபந்தனைகள் மாறியிருந்தன, மறுக்க முடியும் என்று நிரூபித்ததால் மட்டுமே மாறியிருந்தன.

இந்தியாவின் முயற்சி வேறு மண்ணில் முளைத்தது. இங்கே பிரச்சினை விலை உயர்வு மட்டும் இல்லை. ஐ.ஐ.டி. வளாகத்தில் கிடைத்தது அதே ஊரின் அரசுக் கலைக் கல்லூரியில் கிடைக்கவில்லை. இந்த முயற்சிக்கு முன்பே நூலகங்கள் சேர்ந்து வாங்கும் கூட்டமைப்புகள் இருந்தன. கல்லூரிகளுக்கான என்-லிஸ்ட் 2010 முதல் சிறு கட்டணத்தில் ஆயிரக்கணக்கான மின்னிதழ்களைத் தந்தது. யு.ஜி.சி.-இன்ஃபோநெட், இன்டெஸ்ட், என்-லிஸ்ட் மூன்றும் 2015இல் இ-ஷோத்சிந்து என்ற பெயரில் ஒன்றாயின. வேளாண்மைக்கு ஒன்று, மருத்துவத்துக்கு ஒன்று, அறிவியல் ஆய்வகங்களுக்கு ஒன்று என்று பல்வேறு அமைச்சகங்களின் கீழ் பத்துக் கூட்டமைப்புகள் ஒரே பதிப்பகத்திடம் தனித்தனியாகப் பேரம் பேசிக்கொண்டிருந்தன. அத்தனையையும் சேர்த்தாலும் பயன்பெற்ற உயர்கல்வி நிறுவனங்கள் சுமார் 2,500தான்.

அமைச்சரவை ஒப்புதல் தந்த ‘ஒரு நாடு ஒரு சந்தா’ திட்டம் இதை மாற்றியது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள். 6,300க்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்கள், சுமார் 1.8 கோடி மாணவர்கள், ஆசிரியர்கள், ஆய்வாளர்கள். காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் இதை ஒருங்கிணைக்கிறது. 2025 ஜனவரி 1 முதல் கதவு திறந்தது.

விலையை மட்டும் பார்த்தால் இந்தியாவின் பேரம் மோசமானதில்லை, நல்ல பேரம் என்றே சொல்வேன். ஆண்டுக்கு 2,000 கோடியை 1.8 கோடிப் பேருக்குப் பகிர்ந்தால் தலைக்குச் சுமார் 1,100 ரூபாய் வருகிறது. கலிபோர்னியா 2018இல் எல்சவியர் ஒன்றுக்கு மட்டும் கட்டிய தொகையை அதன் சுமார் 2,80,000 மாணவர்களுக்குப் பகிர்ந்தால் தலைக்கு 39 டாலர் வரும். இங்கே 30 பதிப்பகங்களுக்கும் சேர்த்தே அதில் பாதிகூட ஆகவில்லை. பயன்பெறுவோர் வட்டத்தைப் பார்த்தால் இந்தியா மிகவும் முன்னே நிற்கிறது. தருமபுரியிலோ ராமநாதபுரத்திலோ ஓர் அரசுக் கல்லூரியில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருப்பவர் இனி ஒரு கட்டுரைக்காகச் சென்னைக்கு ரயில் ஏற வேண்டியதில்லை. இதைச் சிறு செய்தியாகக் கடந்துபோக நான் தயாரில்லை. வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல் சேர வேண்டும் என்பதை நூலகவியலின் விதியாகவே 1931இல் சென்னையில் இருந்து எழுதிய சீர்காழி ராமாமிர்த ரங்கநாதன் இதைப் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

ஆனால் தலைக்கு 1,100 ரூபாய் என்பது சராசரி. சராசரிக்குள் பல உண்மைகள் மறைந்துபோகும். அதே 2,000 கோடியை 6,300 நிறுவனங்களுக்குப் பிரித்தால் ஒன்றுக்கு ஆண்டுக்கு 31 லட்சத்துக்கு மேல் வருகிறது. பெரிய ஆய்வு நிறுவனம் ஒன்று அதைப் போலப் பல மடங்கு மதிப்புக்குப் படித்துவிடும். இளங்கலை வகுப்புகள் மட்டும் உள்ள கல்லூரியில் அந்தத் தொகையில் எத்தனை பக்கம் திறக்கப்படுகிறது? அங்கே பாடநூல்களும் பின்னணி நூல்களும் வேண்டும், மூலக்கூறு உயிரியலின் புதிய ஆய்விதழ் வேண்டியதில்லை. இந்தச் சந்தா இதழ்களுக்கானது. தேவை ஒன்று, வாங்கியது ஒன்று என்று எந்தெந்த இடத்தில் ஆகியிருக்கிறது என்பதை டெல்லியிலோ காந்திநகரிலோ உட்கார்ந்து அறிய முடியாது. அந்தந்தக் கல்லூரி நூலகருக்குத்தான் தெரியும்.

இரண்டுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு இங்கேதான். கலிபோர்னியாவில் பேரம் பேசியவர்கள் மையத்தில் இருந்தார்கள், ஆனால் பத்து வளாகங்களின் நூலகர்களும் பேராசிரியர் பேரவையும் அந்த மேசையில் இருந்தார்கள். வாங்கும் முடிவும் படிப்பவரின் சான்றும் ஒரே வீட்டுக்குள் இருந்தன. இந்தியாவில் முடிவு மேலிருந்து வந்தது. கல்லூரி நூலகர் செய்ய வேண்டியதாக மிஞ்சியது பதிவு செய்வது, ஐ.பி. முகவரி தருவது, மாணவருக்கு லாகின் உருவாக்கித் தருவது. தேர்ந்தெடுக்கும் வேலை அவரைவிட்டுப் போய்விட்டது போன்ற தோற்றம் உருவாகிவிட்டது.

அது தோற்றம்தான். உண்மையில் இந்தச் சந்தாவுக்கு வெளியே இருப்பதைத் தேர்ந்தெடுக்கும் வேலை இப்போது கூடியிருக்கிறது. முதல் கட்டத்தில் தனியார் நிறுவனங்கள் இல்லை. தமிழ்நாட்டில் பொறியியல் படிப்பவர்களில் பெரும்பாலோர் சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கிறார்கள், அவர்களுடைய நூலகங்கள் பழைய முறையில் தாமே வாங்கியாக வேண்டும். தமிழ்த்துறையை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னாட்டுப் பதிப்பகங்களின் 13,000 இதழ்களில் சங்க இலக்கிய ஆய்வாளருக்கு வேண்டியது மிகக் குறைவு. அவருக்கு வேண்டியவை மதுரைத் திட்டத்தின் மின்னுரைகள், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் தொகுப்பு, இலங்கைத் தமிழ் நூல்களுக்கும் இதழ்களுக்கும் நூலகம் நிறுவனத்தின் தளம். இணையத்தில் இருக்கும் இந்த வளங்களை எடுத்துப் படிக்கப் பெரும்பாலும் பணம் கேட்பதில்லை. பணம் கேட்காததாலேயே பல நூலகங்கள் இவற்றை மதிப்பிடாமல், இணையதளத்தின் ஒரு மூலையில் சுட்டியாகப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகின்றன.

இலவச வளத்தைத்தான் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர்கள் தட்டெழுதித் தரும் உரை, அதில் சொல் தேடலாம். ஆனால் எந்த அச்சுப் பதிப்பைப் பார்த்துத் தட்டெழுதினார்கள் என்பதை ஒவ்வொரு நூலின் முகப்பிலும் சரிபார்த்த பிறகே ஆய்வேட்டில் மேற்கோள் காட்ட வேண்டும். 2005 முதல் இயங்கும் நூலகம் தளத்தில் இருப்பவை பெரும்பாலும் பக்கங்களின் படிமங்கள். மூலத்தின் அட்டை, விளம்பரம், பிழை எல்லாம் அப்படியே இருக்கும், ஆனால் உள்ளே சொல் தேடுவது எளிதல்ல. ஆகவே இலக்கணத் துறை மாணவருக்கு முன்னதைக் காட்டுவது நல்லது, யாழ்ப்பாணச் சிற்றிதழ் வரலாறு எழுதுபவருக்குப் பின்னது வேண்டும். இந்த வேறுபாட்டை நூலகப் பட்டியலில் நூல்வாரியாகப் பதிவு செய்து வைக்கும் வேலையை எந்த தேசியச் சந்தாவும் செய்து தராது.

மறுபடியும் பெரிய பேரத்துக்கு வருகிறேன். கலிபோர்னியாவின் வலிமைக்குக் காரணம் அதன் பணம் என்று பலர் நினைக்கிறார்கள். அதைவிடப் பெரிய காரணம் அங்கே எழுதப்படும் ஆய்வு. அமெரிக்காவில் வெளியாகும் ஆய்வில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறது. எல்சவியர் அதன் சந்தாவை இழக்கலாம், அதன் எழுத்தாளர்களை இழக்க முடியாது. இந்தியாவும் அறிவியல் கட்டுரை எண்ணிக்கையில் சீனாவுக்கும் அமெரிக்காவுக்கும் அடுத்த இடத்தில் இருக்கிறது. பதிப்பகங்களுக்கு நாம் வாடிக்கையாளர் மட்டுமல்ல, சரக்கு அனுப்புபவரும்கூட. அப்படியிருக்க, இங்கே பேரம் படிப்பதற்கான பணத்தைச் சுற்றியே நடந்தது. மக்கள் வரிப்பணத்தில் நடந்த ஆய்வின் கட்டுரைகள் அனைத்தும் உலகுக்குத் திறந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை ஒப்பந்தத்தின் மையமாக ஆகவில்லை. அடுத்த சுற்றில் அது மையத்துக்கு வர வேண்டும்.

மறுக்கும் வலிமையும் வேண்டும். அது மூன்று இடங்களில் இருக்கிறது. ஒப்பந்தம் முடிந்தாலும் 2025 முதல் 2027 வரையிலான கட்டுரைகளை நிரந்தரமாகப் படிக்கும் உரிமையை எழுத்தில் கேட்டு வாங்குவது முதலாவது. நம் பல்கலைக்கழகங்களின் களஞ்சியங்களில் ஆசிரியர்கள் கட்டுரைப் படிகளை வைப்பது இரண்டாவது. மூன்றாவது, ஒவ்வொரு பதிப்பகமும் நமக்கு எவ்வளவு பயன்பட்டது என்பதைத் துறைவாரியாகச் சொல்லக்கூடிய சான்று. முதலிரண்டும் அரசும் பல்கலைக்கழகங்களும் செய்ய வேண்டியவை. மூன்றாவதைத் திரட்ட யாருடைய அனுமதியும் வேண்டாம்.

ஆகவே இது கல்லூரி நூலகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் நிறுவனத்தின் பயன்பாட்டு எண்களை மாதந்தோறும் கேட்டு வாங்குங்கள். மொத்தத்தோடு நிறுத்தாமல் துறைவாரியாகப் பிரித்துப் பாருங்கள். மாணவர் தேடிக் கிடைக்காமல் போன இதழ்களையும் நூல்களையும் ஒரு பதிவேட்டில் எழுதி வையுங்கள். தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும் வாங்க வேண்டியவை எவை என்று ஆசிரியர்களோடு உட்கார்ந்து பட்டியலிடுங்கள். அவற்றை உங்கள் பல்கலைக்கழகத்தின் வழியாக இன்ஃப்ளிப்நெட்டுக்கு அனுப்புங்கள். இப்போதைய ஒப்பந்தக் காலம் 2027 டிசம்பரோடு முடிகிறது, அடுத்த பேரத்துக்கு உட்காருபவர்களின் மேசையில் உங்கள் எண்கள் அதற்கு முன்பே இருந்தாக வேண்டும்.